ஞாநியின் நூலை எறிவதா?

கம்மாபுரத்திலிருந்து ஒரு தோழர் கேட்கிறார். அங்கே படிப்பகத்துக்கு யாரோ ஒரு கட்டுப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறார். அதில் ஞாநியின் ‘ஓ பக்கங்கள்’ தொகுப்பும் இருந்ததாம். இளைஞர் ஒருவர் அதை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், “தலைவரை ஓய்வெடுக்கச் சொன்ன ஆளின் புத்தகம் நம் படிப்பகத்திலா? தூக்கி எறியுங்கள்!” என்றாராம். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாகவே உழைத்து ஓய்ந்த மூத்த தோழர், “படித்தாயா தம்பி?” என்று கேட்டிருக்கிறார். படிக்கவில்லையாம்! இருவரில் யார் சொல்வது சரி என்று நம்மைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

மூத்தவர் சொல்வதுதான் சரி.

1943-இல் அண்ணா, கம்பராமாயணம் பற்றி ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டார். கம்பனைப் படிக்காமலா வாதிட்டார்? எதிரியின் ஏட்டை வரி வரியாய்ப் படித்து, அந்த வரியைக் கொண்டே எதிரியை மடக்கிய பாசறை நம்முடையது. ‘விடுதலை’யில் குத்தூசி குருசாமி நாள்தோறும் செய்ததும் அதுதானே!

ஞாநி யார்? இயற்பெயர் சங்கரன். 1954 ஜனவரி 4-இல் செங்கற்பட்டில் பிறந்தவர். தந்தை வேம்புசாமியும் பத்திரிகையாளர். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தும் பெரியாரை ஏற்றவர்; பெரியாரைப் பற்றி ‘அய்யா’ என்று படமும் எடுத்தவர். இந்தியன் எக்ஸ்பிரஸில் நிருபராக இருந்தார். 1978-இல் ‘பரீக்ஷா’ நாடகக் குழுவைத் தொடங்கினார். 1982-இல் ‘தீம்தரிகிட’ என்று சொந்தமாகவே ஓர் ஏடு நடத்தினார். பணமில்லாதவன் ஏடு நடத்துவது எப்படி இருக்கும்? நின்றது, மீண்டும் வந்தது, மீண்டும் நின்றது. இளைஞருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்காது: ‘முரசொலி’யோடு வந்த ‘புதையல்’ இணைப்பிதழை ஒரு காலத்தில் நடத்தியவரும் இதே ஞாநிதான்.

பிறகு வந்தது ‘ஓ பக்கங்கள்’. ஆனந்த விகடன், குமுதம், கல்கி என்று வீடு மாறி மாறி வந்தது அந்தப் பகுதி. எந்த வகை ஏட்டில் எழுதினாரோ, அந்த வகை ஏடுகளின் சினிமா மோகத்தையும் சோதிடப் பித்தையும் சாடினார். அரிசி வாங்கும் இடத்திலேயே கல் இருக்கிறது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பத்திரிகை சொல்வதைப் படி, சொல்லாமல் விட்டதையும் தேடு, யார் காசில் அச்சாகிறது என்று பார் என்பதுதான் அவர் எழுத்தில் நான் கற்றது.

2007-இல் விகடனில், 83 வயதான கலைஞர் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற வேண்டும் என்று எழுதினார். நமக்கு நெஞ்சு கொதித்தது. எழுத்தாளர்கள் பலரும் கண்டித்தார்கள். எனக்கும் கோபந்தான். முதுமையின் தளர்ச்சியைக் கடைத்தெருவில் வைத்துப் பேசலாமா என்ற கேள்வி இன்றும் எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கட்டுரைக்குத் தக்க பதிலை யார் சொன்னார்? வசைபாடியவர்களா? இல்லை, கலைஞரே சொன்னார், தம் உழைப்பால்! 2009-இல் ஏழைகளுக்கு உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு. 2011 வரை முதலமைச்சர் பணி. விமர்சகனுக்கு வேலையால் பதில் சொன்னார் தலைவர். நாமோ வாயால் மட்டும் சொன்னோம்.

ஞாநி சொன்னதெல்லாம் சரியென்று நான் சாதிக்க வரவில்லை. ‘49-ஓ’ போடச் சொன்னாரே, அதை நான் ஒரு நாளும் ஏற்கவில்லை. கூலிக்காரன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ஓட்டு. அதை ‘யாருக்கும் இல்லை’ என்று வீசினால், பணமுள்ளவனுக்கு என்ன நட்டம்? 2013-இல் உச்ச நீதிமன்றம் ‘நோட்டா’வுக்குப் பொத்தானே வைக்கச் சொன்னது. மறு ஆண்டே ஞாநி ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் ஆலந்தூர் இடைத்தேர்தலில் நின்று, எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று வீதி வீதியாய்ப் போனார், தோற்றார். அன்று நாம் சிரித்தோம். மேசையை விட்டு வீதிக்கு வந்தாரே என்று ஒருவரும் பாராட்டவில்லை.

எழுத்தின் மீது கை வைத்தால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததா? 1976-இல் ஆட்சியைக் கலைத்து, தணிக்கை என்ற பூட்டையும் போட்டார்கள். மிசாவில் யார் யார் சிறையில் என்று அச்சிட முடியாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதோர் என்று பெயர்ப் பட்டியல் போட்டது ‘முரசொலி’. தணிக்கைக்காரனுக்குப் புரியவில்லை, தொண்டனுக்குப் புரிந்தது! அந்த வித்தையைக் கற்ற கைகளா இன்று ஒரு புத்தகத்தை எறிவது?

கம்மாபுரத்தாருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்லக் கசக்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், என்.எல்.சி.யின் வாய்க்காலுக்காகப் பச்சை நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. தில்லியின் நிறுவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் ஆட்சி நம்முடையது, காவலுக்கு நின்ற போலீசும் நம்முடையது. நிலம் எப்போதோ எடுக்கப்பட்டது, இழப்பீடும் கொடுக்கப்பட்டது என்று சட்டம் பேசினோம். கதிர் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று உழவன் கேட்டான். அந்தக் கேள்வியை நம் ஏடுகளில் எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில் போட்டோம்? ஞாநி இருந்திருந்தால் அளவுகோல் வைத்து அளந்து காட்டியிருப்பார். நமக்குச் சினம் வந்திருக்கும். அளவு மட்டும் பொய்யாக இருந்திராது.

சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்துகொண்டே எழுதிய மனிதர் அவர். 2018 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று சென்னையில் இறந்தார். சடங்கு இல்லை, உடலைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள்.

அந்த இளைஞருக்கு என் வேண்டுகோள்: புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், படியுங்கள். தவறென்று படும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, ஏன் தவறென்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நன்றாக இருந்தால் இதே பக்கத்தில் போடச் சொல்கிறேன். புத்தகத்தை மறக்காமல் படிப்பகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து மூத்த தோழர் கேட்டிருக்கிறாராம்.