லேப்புக்கு ஒரு சாம்பா வேண்டும்

சாம்பா என்றதும் சம்பா நெல்லையோ பிரேசில் நாட்டு ஆட்டத்தையோ நினைத்துவிடாதீர்கள். இது ஒரு சாஃப்ட்வேர். லினக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் இதைப் போட்டுவிட்டால், சுற்றியுள்ள விண்டோஸ் மெஷின்கள் அதையும் தங்கள் இனம் என்றே நம்பி ஃபைல் கொடுக்கும், வாங்கும், பிரிண்டும் அனுப்பும். விலை கிடையாது. இந்த வருஷம் நம் பேரவை வைக்கப் போகும் கோரிக்கைகளில் பஸ் பாஸுக்கு அடுத்தபடியாக இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் குன்றாண்டார்கோவிலிலிருந்து வருகிறவன். சாயங்காலம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நல்லபடியா பிரிண்ட் எடுக்கணும்னா திரும்பக் கீரனூருக்கு பஸ் ஏறணும். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லா வேலையும் காலேஜ் நேரத்திலேயே முடிந்தாக வேண்டும். லேப்பிலோ பிரிண்டர் மாட்டியிருப்பது ஒரே மெஷினில். ஒரு பேட்சுக்கு 30 பேர், 30 பென் டிரைவ், ஒரு க்யூ. முன்னால் நிற்பவன் டிரைவில் இருக்கிற வைரஸ், பின்னால் நிற்பவன் ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட்டாக்கி விட்டுப் போகும். 'பென் டிரைவ் கொண்டு வராதே' என்று போர்டு எழுதிப் போட்டால் சரியாகிவிடுமா? ஃபைல் எந்த வழியாகத்தான் போகும்?

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கிடைத்தது. ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. அக்கா வாங்கியது, அண்ணன் வாங்கியது என்று அந்த லேப்டாப்கள் இன்னமும் சில வீடுகளில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. அதில் பாஸ் லினக்ஸை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து பாதிப் பேர் வாங்கின வாரமே அழித்துவிட்டார்கள். கேட்டால் ஒரே பதில்: "அதுல செஞ்சா காலேஜ்ல ஓபன் ஆகாது, பிரிண்ட் வராது."

அதற்கும் முன்பே, 2006, 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. ஆக, அரசாங்கம் லினக்ஸைக் கொண்டுவராமல் இல்லை. ஆனால் பக்கத்து மேசை விண்டோஸோடு அது எப்படிப் பேசும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அண்டை வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

பேச வைத்தவர் கதையைக் கேளுங்கள். 1991 டிசம்பர். கான்பெர்ராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். தன் டாஸ் மெஷினிலிருந்து யூனிக்ஸ் மெஷினின் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் தேவை. அந்த நெட்வொர்க் பாஷைக்கான விளக்கப் புத்தகம் அவர் கையில் இல்லை. ஒயரில் போகிற பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டார். இதற்கு அவரே சொன்ன உவமை உண்டு: பிரெஞ்சு தெரியாத ஒருவன் பிரெஞ்சு ஓட்டலில் உட்கார்ந்து, கஸ்டமர் என்ன கேட்டால் சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனித்தே பாஷையைக் கற்றுக்கொள்வது. அந்தப் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர் என்பதுகூட அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பெயர் வைப்பதில் வேறொரு கம்பெனியின் டிரேட்மார்க் குறுக்கே வர, அகராதி ஃபைலில் எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொற்களைத் தேடச் சொன்னார். சாம்பா வந்தது.

(எங்கள் ஊர்க் குடைவரைக் கோயிலில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படிக்கிறவர்களும் இப்படித்தான், தெரிந்த எழுத்தை வைத்துத் தெரியாததைப் பிடிக்கிறார்கள்.)

ஒட்டுக்கேட்டே எத்தனை நாள் ஓட்டுவது? ஐரோப்பியக் கமிஷன் 2004-ல் மைக்ரோசாஃப்ட் மீது தீர்ப்புச் சொல்லி, நெட்வொர்க் விவரங்களைப் போட்டியாளர்களுக்குக் கொடு என்றது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பரிலேயே 10,000 யூரோ ஒரே தடவை கட்டணத்தில் ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4, ஆக்டிவ் டைரக்டரி வேலையையே செய்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு ஃபோல்டர், ஒரு பிரிண்டர் போதும்.

"விண்டோஸ்லயே ஷேர் பண்ணலாமே தம்பி" என்று ஒரு சார் கேட்டார். பண்ணலாம்தான். ஆனால் சாதாரண விண்டோஸ் 7, 10 மெஷினில் ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் அனுமதி இல்லை. எக்ஸ்.பி. புரொஃபஷனலில் பத்துதான். நம் பேட்ச் 30. மிச்சம் பத்துப் பேர் வெளியே நிற்பதா? சர்வர் எடிஷன் வாங்கினால் லைசென்ஸுக்கும் பணம், இணைகிறவர்களுக்கும் பணம். "கூகுள் டிரைவ் இருக்கே" என்பார்கள். நெட் இருந்தால் இருக்கிறது! லேப்புக்குள் ஃபைல் போக இன்டர்நெட் எதற்கு? தவிர, பொது மெஷினில் லாக்-அவுட் பண்ண மறந்தவன் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வேலை கஷ்டமா என்றால், இல்லை. டெபியன் போட்டு, சாம்பாவும் பிரிண்டருக்கு கப்ஸும் சேர்த்தால் மீதி எல்லாம் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில். ஷேரின் பெயர், ஃபோல்டர் எங்கே இருக்கிறது, யார் எழுதலாம், இவ்வளவுதான். எழுதியதைச் சரிபார்க்க டெஸ்ட்பார்ம் என்ற கமாண்ட் இருக்கிறது. புதுசாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது ஓர் இடத்தில்தான்: கதவு இரண்டு. சாம்பா அனுமதித்தாலும் லினக்ஸ் ஃபோல்டரின் பெர்மிஷன் மறுத்தால் ஃபைல் ஏறாது. ரெக்கார்டு சப்மிட் பண்ணும் ஃபோல்டரில் போடலாம், ஆனால் அடுத்தவன் போட்டதைத் திறக்க முடியாது என்றுகூட வைக்கலாம். காப்பி அடிக்கிறவர்கள் என்னைத் திட்டாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. எக்ஸ்.பி. மெஷினுக்கு எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2019-ல் வந்த சாம்பா 4.11 முதல் அது தானாகவே மூடப்பட்டிருக்கிறது. பழைய மெஷினுக்காக அதைத் திறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை உலகம் பூரா பரவியது அந்த வாசல் வழியாகத்தான். அதே மாதம் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடித்து அடைத்தார்கள், ஆகவே அப்டேட் போடாமல் விட்டால் லினக்ஸும் தப்பாது. இன்னொன்று பிரிண்டர். ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் சில சின்ன லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் சண்டித்தனம் செய்யும். போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல். தெரிந்ததா என்று கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும்.

ஸ்டோர் ரூமில் கண்டம் செய்து வைத்த மெஷின்கள் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. பட்டியல் போடும் முன் அதில் ஒன்றைப் பேரவைக்கு ஒதுக்கித் தர வேண்டும். 4 ஜிபி ரேம் தாராளம், ஹார்டு டிஸ்க் மட்டும் புதுசு. மூன்றாம் வருஷத்தில் நாலு பேர் பார்த்துக்கொள்வோம், போகும்போது இரண்டாம் வருஷத் தம்பி தங்கைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவோம். ரூட் பாஸ்வேர்டு கவரில் போட்டு எச்.ஓ.டி. மேசையில் இருக்கட்டும்.