பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்



"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம்மில் பலர் இன்றும் கேட்கிறோம். சரக்கு தரமாகவும் எடை சரியாகவும் இருந்தால் வாடிக்கை தானே வரும் என்பது பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போன பாடம். அதில் பிழையில்லை. ஆனால் அது தெருவுக்கு ஒரு பூக்கடை இருந்த காலத்துப் பாடம். இன்று அதே தெருவில் நாலு கடை. போதாததற்குக் கைப்பேசியைத் தட்டினால் வீட்டு வாசலில் பொருளை இறக்கிவிட்டுப் போகும் கம்பெனிகளும் வந்துவிட்டன. ஆகவே விளம்பரத்தைப் பற்றியும், அதை முறையாகப் படிப்பதைப் பற்றியும் நாம் சிந்தித்தே ஆக வேண்டும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை, "நான் கிராபிக் டிசைன் படிக்கிறேன்" என்று சொன்னால், "படம் வரைந்து பிழைக்கப் போகிறாயா?" என்று கேட்கும் வீடுகள் நம் சேந்தமங்கலம் வட்டாரத்திலும் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் தங்கள் கடை பில் ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். தொகைக்கு முன்னால் போடுகிறோமே ரூபாய்க் குறி, அதை வரைந்தவர் டி.உதயகுமார் என்ற தமிழர். கட்டடக் கலை படித்துவிட்டு, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் படித்து, தமிழ் எழுத்துகளின் வடிவத்தை ஆராய்ந்தவர். நாடு தழுவிய போட்டியில் தேர்வான அவருடைய குறியை 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. இந்தி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒன்றுபோல் தெரியும் இடத்தைக் கண்டுபிடித்தார். பார்த்தால் சில கோடுகள்தான். ஆனால் எழுத்துகளை ஆண்டுக் கணக்கில் உற்றுப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

இந்தப் படிப்பு சொல்லித் தருவது படம் போடுவதை மட்டுமல்ல. எதைப் பெரிதாக எழுதுவது, எதை விட்டுவிடுவது, எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும் என்பதையெல்லாம் சொல்லித் தருகிறது. நம் கடை போர்டுகளை எண்ணிப் பாருங்கள். சாமி படம், முதலாளி படம், நாலு போன் நம்பர், பத்துப் பொருள்களின் பெயர் எல்லாம் இருக்கும். பஸ்ஸில் போகிறவருக்குக் கடைப் பெயர் மட்டும் தெரியாது. குளிர்பானக் கம்பெனி இலவசமாக மாட்டிவிட்டுப் போகும் போர்டிலோ முக்கால் பங்கு அவர்கள் பெயர். நம் பெயர் மூலையில். நம் கடையின் நெற்றியை வாடகையில்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, இலவசம் என்று மகிழ்கிறோம். பெயர்ப்பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்ற விகிதம் இருக்க வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது. அந்த விதிக்காகப் போர்டை மாற்றுகிறவர்கள், மாற்றும்போதே படித்த ஒருவரிடம் காட்டி எழுதினால் ஒரே செலவில் இரண்டு காரியம் முடியும்.

விளம்பரம் என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்ற அச்சமும் நமக்கு உண்டு. அதற்குப் பதில் நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய சிக் ஷாம்பு பாக்கெட்டில் இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983இல் சுமார் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய தொழில் அது. பெரிய கம்பெனிகளோடு பத்திரிகையிலும் டி.வி.யிலும் போட்டி போட அவரிடம் பணமில்லை. ஊர் ஊராகப் போய், கூட்டத்தின் நடுவே சிறுவர்களுக்குத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். முதல் திட்டம் அடுத்தவர் வாடிக்கையாளரைத் தேடிக் கொண்டுவந்தது. இரண்டாவது திட்டம் வந்தவரைத் தங்க வைத்தது. இதற்குப் பணத்தைவிட, வாங்குகிறவர் மனத்தை அறிந்த மூளைதான் அதிகம் செலவானது. மேல்நாட்டில் இந்த வழிக்கு 'கெரில்லா மார்க்கெட்டிங்' என்று பெயர். அந்தப் பெயரில் ஜே கான்ராட் லெவின்சன் எழுதிய புத்தகம் 1984இல்தான் வந்தது. நம்மவர்கள் புத்தகத்துக்குக் காத்திருக்கவில்லை.

தனித்தனியே முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்பதற்கும் நம் மாவட்டமே சாட்சி. 1982இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, தினமும் முட்டை சாப்பிடச் சொல்லி டி.வி.யில் செய்த விளம்பரம் இந்தியா முழுவதும் பரவியது. அதில் எந்தப் பண்ணையின் பெயரும் இல்லை. பண்ணைக்காரர்கள் கூடி, முட்டை என்ற பொருளுக்கே விளம்பரம் தேடினார்கள். நாமக்கல் பண்ணைகளும் அதனால் பயனடைந்தன.

நம் ஊருக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் நம் ஊர் வழியாகத்தான் காரவள்ளி அடிவாரத்துக்குப் போகிறார்கள். மலை மிளகும் காப்பிக் கொட்டையும் நம் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் பெயரில்லாத பாலித்தீன் பையில், ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கின்றன. மலையேறும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே கோடாக வரைந்து, 'கொல்லிமலை மிளகு' என்று தமிழில் அழகாக எழுதிய ஒரு சிறு பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். மலைக்குப் போய் வந்தவர் அதை ஊருக்கு எடுத்துப் போய் நாலு பேருக்குக் காட்டுவார். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் கல்யாணத்துக்கும் போகும் அந்தப் பையைவிட மலிவான விளம்பரப் பலகை ஏது?

"இப்போது கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிறதே, படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். படம் தரும், உண்மைதான். மலையிலிருந்து இறங்கி வருகிறவர் எந்த மாதம் கையில் காசோடு வருவார், எதை முதலில் கேட்பார் என்பது அதற்குத் தெரியாது. அது கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த நம் பிள்ளைக்குத் தெரியும். அந்த அறிவோடு படிப்பும் சேர்ந்தால் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புதுமை என்பது ஏமாற்று வேலையல்ல. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை உண்டு. அதே ஆண்டு சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததையும் மறக்கக் கூடாது. பிறர் வழியை மறிக்கும் விளம்பரம் நமக்கு வேண்டாம்.

படிக்க இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரி உண்டு. ஆமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். பெண் பிள்ளைகளுக்கும் ஏற்ற துறை இது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்குத் தினசரி காலண்டர் அடிக்கும்போது, சிவகாசியிலிருந்து வரும் மாதிரிப் புத்தகத்தில் ஒன்றைக் காட்டி முடித்துவிடாமல், இந்தப் படிப்புப் படிக்கும் நம் வட்டாரப் பிள்ளை ஒருவரிடம் அந்த வேலையைக் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். நம் கடைகளே அவர்களுக்கு முதல் வாடிக்கையாக இருக்கட்டும். நாளைக்கு "படம் வரைந்து பிழைக்கப் போகிறாயா?" என்று கேட்க நமக்கு வாய் வராது.