இரண்டரை மணி நேரத்துல செத்துப்போன கர்ணன்

எங்க ஊர் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவுல இந்த வருஷமும் கர்ண மோட்சம் கூத்து நடந்தது. வெளியூர் ஜமா கிடையாது. எங்க ஊர்ப் பசங்களே வாத்தியார் வெச்சு, மூணு மாசம் ராத்திரியெல்லாம் பழகி ஆடின கூத்து. டிராக்டர் ஓட்டுறவன், செய்யாறு சிப்காட்டுக்கு ஷிப்டு போறவன், ஆடு மேய்க்கிறவன்னு எல்லாரும் வேஷம் கட்டினாங்க. ஒன்பதரைக்கு மத்தளம் அடிச்சுக் களரி கட்டினாங்க. பன்னெண்டு மணிக்கு மங்களம் பாடி முடிச்சிட்டாங்க.

எங்க பெரியம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். பாய், தலையணை, வெத்தலைப் பையோட வந்து முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. சனங்க எழுந்திருக்கிறதைப் பார்த்துட்டு என்னைக் கேட்டாங்க: "இன்னாடா இது, கர்ணன் அதுக்குள்ள செத்துட்டானா? நான் இன்னும் ரெண்டாவது வெத்தலை கூட போடலியே!"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா இந்த முடிவை எடுத்த கூட்டத்துல நானும் இருந்தேன்.

நடந்தது இதுதான். ஊரை விட்டுப் போய்ச் சென்னையில நல்லா இருக்கிற எங்க சொந்தக்காரப் பசங்க திருவிழாவுக்கு நல்ல தொகை கொடுத்தாங்க. கொடுத்தவங்க ஒரு கோரிக்கை வெச்சாங்க. "விடிய விடிய எதுக்குச் சித்தப்பா? இந்தக் காலத்துல யாரு உட்கார்றாங்க? முக்கியமான சீன் மட்டும் போட்டு ரெண்டரை மணி நேரத்துல முடிங்க. நாங்களும் வீடியோ எடுத்துப் போடுறோம், கலை அழியாம இருக்கும்" என்றார்கள். பணம் கொடுத்தவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு வரலை. நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்குப் பேசாததை இன்னைக்கு எழுதுறேன்.

முக்கியமான சீன்னு எதை வெச்சாங்க? தர்பார், சண்டை, கர்ணன் விழுறது, கிருஷ்ணன் பிராமண வேஷத்துல வந்து புண்ணியத்தை யாசகம் கேட்கிறது, குந்தி மடியில போட்டு அழுறது. கழிச்சது எதை? பொன்னுருவி தர்க்கத்தை. முழுசா ஆடினா எங்க ஊர்ல அது மட்டுமே ஒன்றரை மணி நேரம் போகும். அதைப் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டாங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பதினேழாம் நாள் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கர்ணன் பொண்டாட்டிகிட்ட விடை வாங்கிக்க வர்றான். பொன்னுருவி ராஜா வீட்டுப் பொண்ணு. தேரோட்டி வளர்த்தவன், குலம் தெரியாதவன்னு புருஷனை இத்தனை வருஷமா இளக்காரமா வெச்சிருக்கிறவள். இப்பவும் முகம் கொடுக்க மாட்டேங்கிறாள். அவன் கெஞ்சுறான், கோபிக்கிறான். இவள் குலத்தைச் சொல்லிச் சொல்லிக் குத்துறாள். கடைசியில தான் குந்தி மகன்னு அவன் சொல்றான். அப்போதான் இவள் கலங்குறாள். ஆனா பொழுது விடியப் போகுது, சண்டைக்கு நேரமாச்சு.

இந்தத் தர்க்கம் நீளணும். ஒரே வார்த்தையில ஒருத்தி மனசு திரும்பாது. ஒரு பாட்டு, ஒரு வசனம், நடுவுல கட்டியங்காரன் நுழைஞ்சு நம்ம ஊர்ச் சாதி கௌரவத்தையும் சேர்த்து ஒரு இழு இழுப்பான். சிரிச்சுக்கிட்டே அவமானப்படுவோம். எங்க ஊர்ல குலம் பார்த்துப் பேசாம இருக்கிற புருஷன் பொண்டாட்டி இருக்காங்க, அண்ணன் தங்கச்சி இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு ராத்திரி அவங்க எல்லாரும் ஒரே களத்துல உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. அதைத்தான் "லேக்" ஆகுதுன்னு வெட்டிட்டீங்க. அந்தப் பேச்சைக் கேட்காதவனுக்குக் கர்ணன் விழும்போது என்ன அழுகை வரும்? எவனோ ஒருத்தன் அம்பு பட்டு விழுறான், அவ்வளவுதான்.

பொன்னுருவி வேஷம் கட்டினது டிராக்டர் ஓட்டுற பையன். பகல் பூரா ஏர் ஓட்டிட்டு, ராத்திரி வந்து அத்தனை பாட்டையும் மனப்பாடம் பண்ணினவன். வேஷத்தைக் கலைச்சுக்கிட்டே கேட்டான்: "மாமா, நான் சரியா ஆடலைன்னுதான் கொறைச்சிட்டாங்களா?" நான் என்ன பதில் சொல்ல? வாத்தியாருக்கும் மத்தளக்காரருக்கும், பாதி நேரம்தானேன்னு பேசின தொகையைக் குறைச்சுக் கொடுத்தாங்க. பழக்கிவிட்ட மூணு மாசம் யார் கணக்குல சேரும்?

வேலைக்குப் போகணும்ங்கிறீங்க. எங்களுக்கு மட்டும் மாடு கறக்கிற வேலை இல்லையா? கூத்து பார்க்கிறவன் விடிய விடிய கண்ணு கொட்டாம உட்கார்றதில்லை. நடுவுல தூங்குவான். திரை பிடிச்சு அடுத்த வேஷம் வரும்போது மத்தளச் சத்தத்துல எழுந்துக்குவான். குழந்தைங்க மடியில படுத்துத் தூங்கும். யாரும் யாரையும் தப்பா நினைக்கிறதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். சரி, நிறுத்திடுங்க. மைக் வர்றதுக்கு முன்னாடியே ஆடின ஆட்டம் இது. கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் கூத்துக்காரன் குரலைப் பழக்குறான்.

சிவாஜி நடிச்ச கர்ணன் 1964ல வந்தது, மூணு மணி நேரப் படம். 2012ல அதைப் புதுப்பிச்சு மறுபடி தியேட்டர்ல போட்டப்போ இதே பசங்க குடும்பத்தோட போய்ப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணிப் பேசினாங்க. கிரிக்கெட் மேட்ச் நடுராத்திரி வரைக்கும் போனாலும் பார்க்கிறாங்க. உட்கார முடியாம இல்லை.

எங்க பக்கத்து புரிசைக் கூத்தைப் பார்த்து மயங்கின ந. முத்துசாமி 1977ல சென்னையில கூத்துப்பட்டறை தொடங்கினார். பட்டணத்துக்காரர் கூத்துகிட்ட கத்துக்க வந்தார். எங்க ஊர்லயே பிறந்தவங்க கூத்துக்குக் கத்துக்கொடுக்க வர்றாங்க. நாரத கான சபா மாதிரி ஒரு அரங்கத்துல ரெண்டு மணி நேரம் ஆடட்டும், நான் வேணாம்னு சொல்லலை. அங்க கதவு சாத்தணும். எங்க கோயில் களத்துக்குக் கதவே கிடையாது.

இன்னொண்ணும் இந்த வருஷம் நடக்கலை. கூத்து முடிஞ்ச விடியற்காலை, அரிதாரம் கலைக்கிறதுக்கு முன்னாடியே ஆடினவங்களுக்கு எங்க வீட்டுக் கூழ் போகும். என் வீட்டுக்காரம்மா இந்த வருஷமும் பானை நிறைய காய்ச்சினாங்க. பன்னெண்டு மணிக்கு எவன் கூழ் குடிப்பான்? சூடே ஆறலை. எல்லாரும் பரோட்டா சாப்பிடப் போயிட்டாங்க. அந்தக் கூழ் எப்படிக் காய்ச்சுறதுன்னு எழுதுறேன். ஆறு பேருக்கு வரும்.

கேழ்வரகு மாவு ரெண்டு டம்ளர். மூணு டம்ளர் தண்ணி ஊத்திக் கட்டியில்லாம கரைச்சு மூடி வைங்க. ஒரு ராத்திரி, மறுநாள் பகல் புளிக்கணும். சாயங்காலம் அரை டம்ளர் நொய்யரிசியை அஞ்சு டம்ளர் தண்ணியில குழைய வேக விடுங்க. அடுப்பைக் குறைச்சு, புளிச்ச மாவை மெதுவா ஊத்தித் துடுப்பால கைவிடாம கிண்டுங்க. இருபது நிமிஷம் ஆகும். கையை ஈரம் பண்ணித் தொட்டா ஒட்டக்கூடாது, அதுதான் பதம். இறக்கி மூடி ராத்திரி பூரா அப்படியே விடுங்க. காலையில உப்பும் மோரும் தண்ணியும் விட்டுக் கையால கரைச்சு, சின்ன வெங்காயம் அரிஞ்சு போடுங்க. தொட்டுக்க மோர் மிளகாய், இல்லைன்னா முருங்கைக்கீரை. கருவாடு இருந்தா இன்னும் நல்லது.

அவசரமா வேணும்னா மாவைப் புளிக்க வைக்காம அரை மணியில காய்ச்சிடலாம். வயிறு நிறையும். ஆனா அதுக்கு எங்க ஊர்ல கூழ்னு பேர் கிடையாது, களின்னும் சொல்லமாட்டோம்.

அடுத்த வருஷக் கூட்டத்துல நான் பேசப் போறேன். பொன்னுருவி முழுசா வரணும், இல்லைன்னா என் வீட்டு வரியைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்பேன். பட்டணத்துப் பிள்ளைங்களே, நீங்களும் வாங்க, பாய் நான் தர்றேன். தூக்கம் வந்தா தூங்குங்க, போகணும்னா எழுந்து போங்க. மிச்சத்தை நாங்க உட்கார்ந்து பார்த்துக்கிறோம்.