இடுப்பு வலியும் நீர்க் கோளாறும்: இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்



கடையில் சரக்கு இருப்பை ஆண்டுக்கு ஒரு முறையாவது தவறாமல் எடுத்து விடுகிறோம். உடம்பின் இருப்பைப் பார்க்க மட்டும் நமக்கு நாள் கிடைப்பதில்லை. ஐம்பது வயதைக் கடந்த வணிகர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுவது அவசியம் என்று கருதுகிறோம்.

நமக்கு இடுப்பு வலித்தால், "மூட்டை தூக்கிய வலி" என்று நாமே முடிவு கட்டி விடுகிறோம். தைலம் தேய்க்கிறோம், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், "வயதாகி விட்டது, சர்க்கரையாக இருக்கும்" என்று விட்டு விடுகிறோம். இடுப்பு வலிக்கு எலும்பு டாக்டரிடம் போகிறவர் சிறுநீரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்காகவே நின்று விடுகின்றன. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் ஆபத்து.

ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே செல்கிறது. வயது ஏற ஏற இந்தச் சுரப்பி பருத்துக் குழாயை நெருக்கும். சிறுநீர் வரத் தாமதம், மெலிந்த தாரை, சொட்டுச் சொட்டாக வடிதல், போய் வந்த பிறகும் மீதி இருப்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் பெரும்பாலானவை சாதாரண வீக்கம்தான். அது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. மாத்திரையிலேயே பலருக்குக் குணம் தெரியும். தேவைப்பட்டால் வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே அறுவை செய்கிறார்கள்.

ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் வரலாம். அது பரவினால் பெரும்பாலும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, தொடை எலும்பு ஆகியவற்றைத்தான் பிடிக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனின் செய்தியைப் படித்திருப்பீர்கள். சிறுநீர்த் தொந்தரவு அதிகமானதால் பரிசோதித்தார்கள். புற்றுநோய் எலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 82. பிரான்ஸ் அதிபராக இருந்த மித்தரானுக்கு 1981-லேயே இந்நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. சிகிச்சையுடன் 1995 வரை பதவியில் இருந்தார். 1996 ஜனவரியில்தான் காலமானார். ஆகவே நோயின் பெயரைக் கேட்டதும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

இடுப்பு வலி எல்லாம் புற்றுநோய் அல்ல. எலும்புத் தேய்மானமும் தசைப் பிடிப்பும்தான் அதிகம். ஆனால் ஓய்வெடுத்தும் தணியாமல், இரவிலும் விடாமல் வலித்து, சிறுநீர்க் கோளாறும் சேர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் அடியோடு நின்று விட்டாலோ, கால்கள் மரத்துத் தளர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

டாக்டர் விரலால் சோதிப்பார், பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதுவார். பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் அது கூடும். சுரப்பியில் சிறு சதை எடுத்துப் பார்த்தே புற்றுநோயை உறுதி செய்வார்கள்.

நம் தொழிலுக்கென்று சில கெட்ட பழக்கங்கள் உண்டு. கல்லாவை விட்டு எழ முடியாது என்று சிறுநீரை அடக்குகிறோம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் ஹைவேவிஸுக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள், வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டும் கூடாது. சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்து விடும். கேட்காமல் போட வேண்டாம்.

சங்க நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். கடைவீதிகளில் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று நகராட்சி, பேரூராட்சிகளிடம் விடாமல் கேட்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தை ஒட்டி, ஐம்பது வயதான உறுப்பினர்களுக்குச் சிறுநீரக மருத்துவரை அழைத்து முகாம் நடத்த வேண்டும். மலைமேல் கடை வைத்திருப்பவர்களுக்கும் முன்கூட்டியே தகவல் போக வேண்டும். கூடுதல் சோதனை தேவைப்படுவோரைத் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

வராத பாக்கியைக் கேட்க நாம் கூச்சப்படுவதில்லை. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லவும் கூச்சம் வேண்டாம்.