ஆட்டுத் தோலும் லேசர் தட்டும்

சென்ற வாரம் வகுப்பில் கம்ப்யூட்டரின் அங்கங்களைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். "விஷயத்தை உள்ளே செலுத்துபவை சில கருவிகள், வெளியே காட்டுபவை சில, சேமித்து வைப்பவை சில" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், ஒரு தடவை சேமித்து விட்டால் அது என்றைக்கும் இருக்குமல்லவா?"

"இருக்கலாம், தம்பி. ஆனால் படிக்க முடியுமா?" என்று கேட்டு, இங்கிலாந்தில் நடந்த ஒரு விருத்தாந்தத்தைச் சொன்னேன். நேயர்களும் கேட்கலாம்.

1085-ஆம் ஆண்டின் கடைசியில் முதலாம் வில்லியம் அரசன், தன் ராஜ்யத்தில் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை என்று கணக்கெடுக்க உத்தரவிட்டான். மறு வருஷம் எடுத்த அந்தக் கணக்கை லத்தீன் பாஷையில் ஆட்டுத் தோலில் எழுதி வைத்தார்கள். அதுவே டூம்ஸ்டே புத்தகம்.

அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, 1986-ல் பி.பி.சி. ஸ்தாபனத்தார் ஒரு புதிய டூம்ஸ்டேயைத் தயாரித்தார்கள். தேசத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தந்த ஊர்ப் பள்ளிக் குழந்தைகளையே தங்கள் ஊரைப் பற்றி எழுதச் செய்தார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கு கொண்டார்கள். எல்லாம் பன்னிரண்டு அங்குல லேசர் தட்டுக்கள் இரண்டில் அடங்கி விட்டன. விசைப் பலகையாலும் உருட்டுப் பந்தாலும் வேண்டியதைக் கேட்டால், திரையில் படமும் எழுத்தும் தோன்றும்.

பதினைந்து வருஷம் சென்றது. அந்தத் தட்டைச் சுழற்றும் பெட்டி கடைகளில் கிடைக்கவில்லை. அதனுடன் இணைய வேண்டிய கம்ப்யூட்டரும் வழக்கொழிந்து போயிற்று. தட்டு உடையவில்லை, எழுத்து அழியவில்லை, படிக்கத்தான் வழியில்லை! ஆட்டுத் தோலுக்கோ இரண்டு கண்ணும் கொஞ்சம் லத்தீனும் இருந்தால் போதும்.

நல்ல வேளையாக, லீட்ஸ், மிச்சிகன் சர்வகலாசாலைகளின் அறிஞர்கள், புதுக் கம்ப்யூட்டரைப் பழையது போல் நடிக்கச் செய்யும் உபாயத்தை 2002-ல் செய்து காட்டினார்கள். குழந்தைகள் எழுதியவற்றை 2011-ல் பி.பி.சி.யார் இணையத்தில் வெளியிட்டார்கள். அந்தத் தளமும் 2018-ல் மூடப்பட்டது. அதன் பிரதி, பழைய ஆட்டுத் தோல் புத்தகத்தைக் காத்துவரும் அதே தேசிய ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது.

நம் வீட்டு அலமாரிகளிலும் கலியாணக் காட்சிகள் அடங்கிய ஸி.டி.க்கள் தூங்குகின்றன. இன்று விற்கும் மடிக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அவற்றைச் செருக இடமே கிடையாது. படிக்கும் கருவி அகப்படும்போதே புதிய கருவியில் பிரதி செய்து கொள்வது உத்தமம். சில வருஷங்களுக்கு ஒரு முறை இதைச் செய்யத்தான் வேண்டும்.

மறு நாள் அந்தப் பையன் காகிதத்தில் சுற்றிய ஒரு ஸி.டி.யைக் கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தின் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டோம். இரண்டு மூன்று தடவை முனகிவிட்டு அது சுழன்றது. காலஞ்சென்ற அவன் தாத்தா, யாரையோ சாப்பிட வரும்படி கூப்பிட்டுக் கொண்டிருந்தார்.

பிரதி எடுத்த பிறகுதான் அன்றைய பாடத்தை ஆரம்பித்தேன்.