இரும்புப் பாலமும் ஏழையின் பாதையும்

டில்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களுள் செங்கோட்டையைக் காணாதவர் இலர். அக்கோட்டைக்கு அருகே யமுனையின் குறுக்கே நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைக் கருத்துடன் நோக்கியவர் எத்தனை பேர்?

அந்தப் பக்கத்தில் முன்னாளில் இருந்தது படகுப் பாலம். 1857 மே 11-ஆம் நாள் மீரட்டிலிருந்து கிளர்ந்தெழுந்து வந்த சிப்பாய்கள் அதன் வழியாகவே டில்லியை அடைந்தனர். பத்தாண்டு நிறையுமுன், 1866-இல், இரும்புப் பாலம் எழுந்தது. கண்கள் 12, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 அடி. மேலே இருப்புப்பாதை, கீழே சாலை. 1913-இல் ஒற்றைத் தடம் இரட்டைத் தடமாயிற்று.

வரலாறு எழுதுவோர் மேல்தளத்தையே பாடுவர். நான் பேச விரும்புவது கீழ்த்தளத்தைப் பற்றி. மிதிவண்டிக்காரரும், ரிக்‌ஷா மிதிப்பவரும், தள்ளுவண்டி வணிகரும் தலைமுறை தலைமுறையாகக் கரை கடந்த வழி அது.

யமுனையின் வெள்ள அளவையும் இப்பாலத்தில்தான் பார்க்கின்றனர். 205.33 மீட்டர் அபாய அளவு. 1978-இல் நீர் 207.49 மீட்டர் ஏறிற்று. 2023 ஜூலையில் அதனையும் விஞ்சி 208.66 மீட்டரைத் தொட்டது. பாலத்தை மூடினர். கார் உள்ளவர் வேறு பாலத்தால் சுற்றிச் சென்றார். சுமைவண்டி தள்ளுபவருக்கு அந்தச் சுற்று எத்துணைத் தொலைவு!

பக்கத்திலேயே இரயிலுக்கெனப் புதிய பாலம் எழுப்பியுள்ளனர். வேண்டியதே, நூற்றைம்பது ஆண்டு கடந்த இரும்பின் மேல் விரைவு வண்டிகளை என்றென்றும் ஓட்டலாகாது. ஆனால், இரயில் விலகியபின் பழைய பாலத்தை என் செய்வது? இடித்து இரும்பு விலைக்கு விற்பதா? வேலியிட்டுப் பூட்டி, நினைவுச்சின்னம் என்று பலகை தொங்கவிடுவதா?

இரண்டும் தகா. "பழைய பாலம் ஆபத்தன்றோ?" என்பீர்கள். இரயிலின் பாரம் வேறு, நடப்பவரின் பாரம் வேறு. பொறியியலார் சோதிக்கட்டும், பழுதைச் செப்பனிடட்டும். பின்னர்க் கீழ்த்தளத்தை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் கைவண்டிக்குமே உரியதாக்கட்டும். உழைப்பவர் நடக்கும்வரைதான் அது பாலம். அவர் கால் படாதபோது வெறும் இரும்பு.

நண்பர்களே, பிறந்த ஊர் தெற்கே இருப்பினும், இன்று நாம் உண்பதும் இந்நகரத்து உழைப்பாளி தள்ளிவரும் காய்கறியைத்தான். அவர் பாதைக்காகக் குரல் கொடுப்பது நம் கடன். ஒரு ஞாயிறன்று சென்று அப்பாலத்தைப் பாருங்கள். மேலே மட்டுமன்று, கீழேயும் பாருங்கள்.