முதலில் உங்கள் முகமூடி



விமானம் புறப்படுமுன் பணிப்பெண் மஞ்சள் நிற முகமூடி ஒன்றை ஏந்திக் காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். "முதலில் நீங்கள் அணிந்துகொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள்" என்பது அறிவிப்பு. மடியில் பிள்ளையை வைத்திருக்கும் உம்மாவுக்கு இது இரக்கமற்ற அறிவுரையாகத் தோன்றலாம். தன்னை மறந்து பிள்ளையைக் காப்பதல்லவா தாயுள்ளம்? ஆயினும் அறிவுரையில் பிழையில்லை. அதை உணர்த்தும் பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1875, ஏப்ரல் 15. பாரிஸ் நகரிலிருந்து 'ஜெனித்' என்னும் பலூனில் திஸாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்ற மூவர் ஆய்வுக்காக வானில் ஏறினர். உயரே செல்லச் செல்ல மூச்சுக்குக் காற்றுப் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே பிராணவாயு கலந்த காற்றைப் பைகளில் நிரப்பி எடுத்துச் சென்றனர். அது குறைவாக இருந்ததால், மிகவும் தேவைப்படும்போது பயன்படுத்தலாம் என்று எண்ணியிருந்தனர்.

பலூன் 8,000 மீட்டரைக் கடந்தது. திஸாந்தியேவுக்கு வேதனை ஏதும் இல்லை. மாறாக உள்ளத்தில் ஓர் இன்பமே பரவியது. பிராணவாயுக் குழாயைப் பற்ற நினைத்தார், கை எழவில்லை. பேச முயன்றார்; நா அசையவில்லை. மயங்கிச் சரிந்தார். அவர் கண்விழித்து, பலூன் தரையிறங்கியபோது நண்பர்கள் இருவரும் உயிருடன் இல்லை. மருந்து தலைக்கு மேலே தொங்கியது. அதை எடுக்கும் ஆற்றல்தான் முன்னரே போய்விட்டது.

எந்த உயரத்திலும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 18,000 அடியில் அது பாதியாகிவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து இரத்தத்தில் சேரும் பிராணவாயுவும் குறையும். அப்போது முதலில் தளர்வது மூளை. அதாவது, ஆபத்தை உணர வேண்டிய உறுப்பே!

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் சென்ற ஹீலியோஸ் விமானத்தில், உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் கருவி தானாக இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலித்தது, விமானிகள் அதை வேறொன்றின் ஒலியாகக் கருதினர். முகமூடி அணியாமலே நினைவிழந்தனர். விமானத்திலிருந்த 121 பேரும் மாண்டனர்.

35,000 அடி உயரத்தில் அழுத்தம் அகன்றால், தெளிவாகச் செயற்பட நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. திமிறி அழும் பிள்ளைக்கு அணிவிப்பதிலேயே அந்நேரம் கழிந்தால், உம்மா சாய்ந்துவிடுவாள். சற்றே மயங்கிய பிள்ளையை விழிப்புடனிருக்கும் தாய் மீட்டுவிடலாம். மயங்கிய தாயைப் பச்சிளம் பிள்ளை எவ்வாறு மீட்கும்?

ஆகவே முகமூடி விழுந்ததும் இழுத்து முகத்தில் பொருத்துங்கள்; இழுத்தால்தான் வாயு வரத் தொடங்கும். பை உப்பாவிட்டாலும் வாயு வந்துகொண்டிருக்கும், அஞ்ச வேண்டாம். விமானி 10,000 அடிக்கு இறக்கும் வரை அது போதுமானது.

நுரையீரல் நோயுள்ள முதியோரை அழைத்துச் செல்வோர் மற்றொன்றையும் கருதுக. வழக்கமான பயணத்திலும் விமானத்தினுள் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த மலைமேல் இருப்பது போன்றதே. பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். பிராணவாயு தேவையெனில் விமான நிறுவனத்திடம் முன்னரே சொல்லுங்கள்.

அடுத்த பயணத்தில் பணிப்பெண் முகமூடியைக் காட்டும்போது, சன்னலை நோக்காமல் அவரை நோக்குங்கள். உங்கள் பிள்ளைக்காகவே அதை முதலில் நீங்கள் அணிகிறீர்கள்.